பதினோரு மணிக் கையெழுத்து

ரெஜினாவின் குறுஞ்செய்தி வந்தபோது நான் காலை மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். “அப்பா இன்று காலை 5.40க்குக் காலமானார். தூக்கத்தில். வலி இல்லை. அடக்கம் நாளை 16 மணி. மாமா, முட்டி வலியோடு பஸ்ஸில் வர வேண்டாம், கார் அனுப்புகிறேன்.” அவ்வளவுதான். படித்ததும் எழுந்து நின்றேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து “யாருங்க?” என்றாள். “சவரி போயிட்டார்” என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அழுதுகொண்டே எழுதினாலும் அந்தப் பெண் அப்பா சொல்லிக்கொடுத்தபடிதான் எழுதியிருந்தாள். என்ன நடந்தது, எப்போது, எப்படி, படிக்கிறவர் என்ன செய்ய வேண்டும். மாலை நான்கு மணியைப் பதினாறு என்று எழுதியதும் அவர் வழக்கம்தான். அவருடைய தகப்பனார் பிரெஞ்சுக் காலத்து நிர்வாகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த வீட்டில் கடிகாரம் இருபத்துநான்கு வரைக்கும் போகும்.

சவரிநாதனை உங்களில் பலருக்குக் கல்வி அலுவலகத்தின் மேசை ஒன்றில், சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனாவும் ஒரு நீலப் பேனாவுமாக உட்கார்ந்திருந்த எழுத்தராகத் தெரியும். சம்பளப் பட்டியலுக்கோ மாற்றல் ஆணைக்கோ போய் நின்றிருப்பீர்கள். எனக்கு அவரை வேறொரு வேலையில் தெரியும். எழுபதுகளின் கடைசியில், ஆண்டுத் தேர்வு நெருங்கும் வாரங்களில், காரைக்காலில் வினாத்தாள் கட்டுகளை மூன்று மையங்களில் பூட்டி வைத்திருப்போம். ஒவ்வொரு மையத்திலும் ஓர் இரும்பு பீரோ. அதற்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒரு சாவி தலைமையாசிரியரிடம், இன்னொன்று என்னைப் போன்ற ஓர் ஆசிரியரிடம். ஞாயிறும் விடுமுறையும் பாராமல் காலை எட்டு, பதினொன்று, மாலை நான்கு என்று மூன்று வேளையும் இருவரும் சேர்ந்து வந்து அரக்கு முத்திரைகளைப் பார்த்து, காவலர் முன்னிலையில் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதிவேட்டின் கார்பன் நகல் மறுநாள் காலை சவரியின் மேசைக்குப் போகும். அவர் அதை வரி வரியாகப் படிப்பார். ஏதாவது கோணலாகப் பட்டால் புதுச்சேரியில் இருந்த அதிகாரிக்குத் தந்தி கொடுப்பார். டிரங்க் கால் போட்டுப் பேசலாமே என்று ஒருமுறை கேட்டேன். “பேசினா நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு சொல்வோம் வாத்தியாரே. தந்தின்னா எழுதினது எழுதினதுதான், நேரத்தோட இருக்கும்” என்றார்.

முதல் வருடம் அவர் அந்த வேலையைக் கெடுத்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் தந்தி. கையெழுத்து ஐந்து நிமிடம் தாமதமானால் தந்தி. அரக்கில் எறும்பு ஒட்டியிருந்தால் தந்தி. ஒருநாள் புதுச்சேரி அதிகாரியே நேரில் வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும், “சவரிநாதன், உங்க தந்தி வந்தா இப்பல்லாம் நான் பிரிக்கறதில்ல. டீ டம்ளருக்கு அடியில வெச்சுக்கறேன்” என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். சவரியும் சிரித்தார். ஆனால் அன்று மாலை என்னிடம் வந்து, “உங்க வகுப்புல எல்லாக் கேள்விக்கும் கையத் தூக்கற பையன் ஒருத்தன் இருப்பானே, அவன என்ன செய்வீங்க?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நாள் கழித்து அவன் கை இருக்கும் பக்கமே நம் கண் போகாது. நிஜமாகவே அவனுக்கு வயிற்று வலி வந்து கையைத் தூக்கினாலும் நமக்குத் தெரியாது. மறு வாரம் அவர் தம் மேசையில் மூன்று தட்டுகள் வைத்தார். உடனே தந்தி போக வேண்டியது ஒன்றில், மாலைத் தபாலில் கடிதமாகப் போனால் போதும் என்பது ஒன்றில், தன் நோட்டில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றில். அதன்பிறகு ஒரு பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ தந்திதான் போகும். “படிக்கறவர் எழுந்து நிக்கணும், ஆனா ஓடக் கூடாது. அப்படி எழுதணும்” என்பார்.

கோட்டுச்சேரிப் பக்கத்து மையத்தில் காத்தமுத்து என்று ஒரு காவலர் இருந்தார். கோட்டுச்சேரிமேட்டுக்காரர், கடலுக்குப் போவதை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். ஒரு வாரம் பருவம் தப்பி மழை கொட்டித் தீர்த்தது. அந்த மையத்தின் ஏழு நாள் நகலும் மழை விட்ட பிறகுதான் சேர்ந்து வந்தது. அந்த வாரத்து நகலைப் பார்த்த சவரி, “இதுல ஒரு தப்பும் இல்ல. அதான் தப்பா இருக்கு” என்றார். எனக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் சைக்கிளில் போனோம். அந்த அறையில் கூரை ஒழுகி, தரையில் வாளி வைத்திருந்தது. பதிவேடு மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. “என்னங்க இது, கூரை ஒழுகுது, நோட்டுல ஒரு சொட்டு இல்லையே?” என்று சவரி கேட்டார்.

“நனைஞ்சா நீங்க கோவிப்பீங்கன்னு, அவங்க கையெழுத்து ஆனதும் தினம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், ஏழு நாளுக்கும் காவலர் கட்டத்துல எங் கையெழுத்த ஒண்ணா சேத்துப் போட்டுப்புட்டேங்க. ஒரு நாளு கூட விட்டதில்ல, சத்தியமா வந்து பார்த்தேன்” என்றார் காத்தமுத்து பெருமையாக.

“வந்தீங்கன்னு எனக்குத் தெரியுங்க. ஆனா நனையட்டும். எனக்கு நனைஞ்ச நோட்டுதான் வேணும். மை கலைஞ்சிருந்தா அதுதான் நீங்க இருந்ததுக்குச் சாட்சி” என்றார் சவரி. அது இரண்டாவது தட்டுக்குப் போனது. காத்தமுத்துவின் வேலையும் இருந்தது, கூரையும் ஓடு மாற்றப்பட்டது. திரும்பி வரும்போது, “நல்லவங்க எழுதற பொய்தான்யா கண்டுபிடிக்கக் கஷ்டம்” என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் சிரித்தேன். அடுத்த வருடம் அது என்னைப் பற்றியதாக ஆகும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த வருடம் இரண்டாம் மையத்தில் இரண்டாவது சாவி என்னிடம் இருந்தது. எனக்குப் பணி நிரந்தரம் ஆக இரண்டு மாதமே பாக்கி. நெரவியிலிருந்து தினம் சைக்கிளில் வந்துபோய்க்கொண்டிருந்தேன். வீட்டில் இரண்டு தங்கைகளும் அப்பா அம்மாவும் என் உத்தியோகத்தை நம்பித்தான் இருந்தார்கள். முதல் சாவி தலைமையாசிரியர் நடராஜன் சாரிடம். அவர் எனக்கே பாடம் எடுத்தவர். தேர்வுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரியின் மகள் ரெஜினாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். காலைப் பூசை முடிந்து வீட்டில் விருந்து. சவரி நேரில் வந்து அழைத்திருந்தார். பந்தி வேலைக்கு என்னைத்தான் நம்பியிருந்தார்.

எட்டு மணிப் பார்வை முடிந்ததும் நடராஜன் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். “போய்ட்டு வாப்பா, அந்தப் பிள்ளைய நான் விசாரிச்சேன்னு சொல்லு. பதினோரு மணிக்கு நான் பாத்துக்கறேன்” என்றார். கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். என் ஆசிரியர் கை நீட்டும்போது, ‘இரண்டும் உங்களிடம் இருக்கக் கூடாது சார்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும் என்று நினைத்தேன். அதோடு நிற்கவில்லை. பதினோரு மணி வரிசை காலியாக இருந்தால் அவருக்குச் சங்கடமாயிற்றே என்று, போகும்போதே அதிலும் என் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனேன். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன். மூன்று மணிக்குத் திரும்பி வந்து சாவியை வாங்கிக்கொண்டேன். மனதில் ஒரு உறுத்தலும் இல்லை. கையில் பிரியாணி வாசனைதான் இருந்தது.

திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு, வகுப்பில் இருந்த எனக்கு, கல்வி அலுவலகத்துக்கு உடனே வரவும் என்று சீட்டு வந்தது. போனேன்.

“வாங்க வாத்தியாரே. உக்காருங்க.” சவரி சிரிக்கவில்லை. நகலை என் பக்கம் திருப்பி வைத்தார். “ஞாயித்துக்கிழமை பதினோரு மணி. இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“பதினோரு மணிக்கு எங்க இருந்தீங்க?”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. “உங்க வீட்டுலதான் சவரி. கொல்லையில உக்காந்து இலை நறுக்கிட்டு இருந்தேன்.”

“தெரியும். கத்தி கொண்டுவந்து குடுத்ததே நான்தானே.”

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நடந்ததைச் சொன்னேன். சாவியைக் கொடுத்ததையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். “ரெண்டு சாவியும் அவர்கிட்டயா? எவ்வளவு நேரம்?”

“ஏழு மணி நேரம். அதனால என்ன? நடராஜன் சார் எப்பேர்ப்பட்ட மனுஷன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாதே.”

“சவரி, இன்னும் ரெண்டு மாசத்துல எனக்கு ஆர்டர் வரணும். அப்பா தினம் கேக்கறார்.”

“தெரியும்.”

“அப்ப அந்த மூணாவது தட்டுல போடுங்க. நோட்டுல எழுதி வெச்சுக்கங்க. இனிமே செஞ்சா கேளுங்க.”

அவர் மேசை இழுப்பறையிலிருந்து தந்திப் படிவத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். ஏற்கெனவே எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். “மையம் இரண்டு. ஞாயிறு 11 மணிப் பார்வைக்கு இரண்டாம் சாவிக்காரர் வரவில்லை. கையெழுத்து மட்டும் இருக்கிறது. அந்நேரம் அவர் என் வீட்டு விருந்தில் இருந்தார். அழைத்தவன் நான். முத்திரைகளை இன்றே சோதிக்க அதிகாரி அனுப்பவும். சவரிநாதன்.” என் எதிரிலேயே, ‘இரு சாவியும் ஏழு மணி நேரம் ஒருவரிடம்’ என்று ஒரு வரியைச் சேர்த்தார்.

“படிச்சுப் பாருங்க. இதுல பொய் எதாவது இருந்தா சொல்லுங்க, அடிச்சுடறேன்.”

பொய் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “உங்களப் பத்தி எதுக்கு எழுதறீங்க? உங்களுக்கும்தானே மெமோ வரும்?” என்றேன்.

“உமக்கு எப்படித் தெரியும்னு அவர் கேப்பார்ல. கேக்கறதுக்கு முன்னாடி பதில் போயிடணும்” என்றவர், செருப்பை மாட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்கு நடந்தார். நான் அவர் பின்னாலேயே நடந்தேன். வழியெல்லாம் கெஞ்சினேன், கடைசியில் திட்டினேன். “உங்க வீட்டுச் சோத்தைத் தின்ன பாவத்துக்கா?” என்று கேட்டேன். நடுரோட்டில் நின்றார். முகம் கறுத்துப்போயிருந்தது. மறுபடி நடந்தார். உள்ளே போய் படிவத்தைக் கொடுத்துவிட்டு ரசீதோடு வந்தார். அப்போது மணி பன்னிரண்டு.

மாலை ஆறு மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். எல்லோர் முன்னிலையிலும் பீரோவைத் திறந்து, ஒவ்வொரு கட்டின் முத்திரையையும் எண்ணோடு ஒப்பிட்டு, ஒன்றும் கலையவில்லை என்று சான்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டார். சாவிகள் வேறு இருவரிடம் போயின. எனக்கு மெமோ, நடராஜன் சாருக்கு மெமோ, காவல் பணியில் இருந்தவரை விருந்துக்கு அழைத்ததற்காக சவரிக்கும் மெமோ. என் பணி நிரந்தரம் ஓராண்டு தள்ளிப்போனது. அப்பா என்னிடம் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. நான் சவரியிடம் பேசுவதையே விட்டேன்.

அந்த வியாழக்கிழமை ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. கணக்குத் தாள் வெளியே வந்துவிட்டது, இரண்டாம் மையத்திலிருந்துதான் போனது, ஞாயிற்றுக்கிழமை இரண்டு சாவியும் தலைமையாசிரியரிடமே இருந்ததாம், அவருடைய தங்கை மகள் இந்த வருடம் தேர்வு எழுதுகிறாளாம். யாரோ பார்த்திருக்கிறார்கள். சொன்னதில் பாதி உண்மை, அதனால் மீதியையும் ஊர் நம்பிற்று. பேர் இல்லாத மனு ஒன்று புதுச்சேரிக்கே போய்விட்டது. நடராஜன் சார் வீட்டு வாசலில் நாலு பேர் கூடி நின்று சத்தம் போட்டார்கள். அந்தப் பெண் பரீட்சைக்குப் போக மாட்டேன் என்று அழுதாள்.

அதிகாரி மனுவை எடுத்துக்கொண்டு மறுபடி வந்தார். எங்களையும், சத்தம் போட்டவர்களில் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மனுவின் மேல் திங்கட்கிழமைத் தந்தியை வைத்தார். தந்தியின் மேல் தன் சான்றை வைத்தார். “நீங்க சொல்றதுல நடந்தது எல்லாம் திங்கட்கிழமையே எனக்கு வந்தாச்சு. நானே வந்து பார்த்தாச்சு. தாள் எதுவும் போகல” என்றார். சத்தம் போட்டவர்களில் ஒருவர் தந்தியை எடுத்து நேர முத்திரையைப் பார்த்தார், மற்றவரிடம் காட்டினார். எழுந்து போய்விட்டார்கள். வெளியே வந்தபோது நடராஜன் சார் என் தோளைப் பிடித்துக்கொண்டார். “அந்தத் தந்தி மட்டும் போகலன்னா, இன்னிக்கு அந்த நோட்டப் பிரிச்சு, உன் கையெழுத்தக் காட்டி, நீ எங்கடா இருந்தேன்னு கேட்டிருப்பாங்க. நீ என்ன சொன்னாலும் நான் திருடன்தான்” என்றார். நானும் திருடனாகியிருப்பேன். ஒரு வருடம் தள்ளிப்போன வேலை அன்றே போயிருக்கும்.

இதெல்லாம் புரிந்தும் நான் சவரியைப் போய்ப் பார்க்கவில்லை. கோபம் தீர்ந்த பிறகு மிஞ்சிய வெட்கத்தோடு ஓர் ஆளின் முன்னால் நிற்பது எனக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. தேர்வு முடிந்து வெயில் ஏறிய ஒரு பகலில் அவரே நெரவிக்கு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். கேரியரில் ரெஜினா. “வாத்தியாரே, இந்தப் பொண்ணுக்குப் பின்னம் வரமாட்டேங்குது. என் மேல இருக்கற கோவத்துல இவள ஃபெயிலாக்கிடாதீங்க” என்றார். அம்மா மோர் கொண்டுவந்தாள். நான் பாக்கு வெட்டியை எடுத்து ஒரு கொட்டைப்பாக்கை நாலாக வெட்டி அந்தப் பெண்ணுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் சமாதானம் அவ்வளவுதான்.

அந்த ரெஜினா படித்துச் சென்னையில் ஒரு நிறுவனத்தின் சர்வர் கணினிகளைக் கண்காணிக்கும் வேலைக்குப் போனாள். நான் அதைப் பழைய மாணவர்களுக்கு இப்படி விளக்குவேன். சர்வர் என்பது அந்த இரும்பு பீரோ. யார் வந்தார்கள், எப்போது, எந்தச் சாவியால் திறந்தார்கள் என்று அது தானே பதிவேடு எழுதிக்கொள்ளும். அதில் கோணலாக ஏதாவது பட்டால், பொறுப்பில் இருப்பவருக்குக் கைபேசியில் குறுஞ்செய்தி போகும். ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது சாப்பாட்டுக்கு இடையில் அவள் கைபேசி கத்திக்கொண்டே இருந்தது. சவரி இலையிலிருந்து தலையைத் தூக்கி, “ஒரு நாளைக்கு எத்தனை வரும்?” என்றார்.

“எண்ணவே முடியாதுப்பா.”

“அப்ப நீ ஒண்ணையும் படிக்கறதில்ல.”

அவள் சிரித்துவிட்டாள். “எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?”

கை கழுவியதும் இருவரும் உட்கார்ந்து, உடனே போக வேண்டியது, மாலையில் போனால் போதும் என்பது, எழுதி மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியது என்று அவள் செய்திகளைப் பிரித்தார்கள். கணினியைத் தொட்டே பார்க்காத மனிதர், “எந்தக் கோணல்னு மட்டும் சொல்லாத, பாக்கறவர் என்ன செய்யணும்னும் சொல்லு” என்று கேட்டுக் கேட்டு எழுத வைத்துக்கொண்டிருந்தார். அவள் அலுவலகத்தில் இன்றும் அந்த மூன்று பிரிவும் இருக்கிறதாம்.

சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போனேன். படுக்கையில் இருந்தார். குரல் மட்டும் பழையபடியே இருந்தது. ரெஜினா காபி போட உள்ளே போனதும், என் கையைப் பிடித்து இழுத்தார்.

“வாத்தியாரே, ஒண்ணு பாக்கி இருக்கு. அந்தத் திங்கட்கிழமை. உங்க மையத்து நகல் என் மேசைக்கு வந்தது காலைல எட்டு மணிக்கு.”

நான் புரியாமல் பார்த்தேன்.

“பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. நீங்க இலை நறுக்கினது கண்ணு முன்னாடி நிக்குது. ரெண்டு படிவம் எழுதிக் கிழிச்சேன். கோயில் வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்தேன். மூணாவது தட்டுல போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். பதினோரு மணிக்கு மேலதான் உங்களுக்குச் சீட்டு அனுப்பினேன். என் பதிவேட்டுல நகல் வந்த நேரம் பதினொண்ணேகால்னு எழுதிட்டேன்.”

“சவரி, அது இப்ப எதுக்கு? முத்திரை ஒண்ணும் கலையலையே.”

“கலையலன்னு அப்ப எனக்குத் தெரியாதே. அந்த நேரத்துல யாராச்சும் கைய வெச்சிருந்தா? அந்தப் பிள்ளைங்க கதி?” மூச்சு வாங்கியது. “உங்களுக்கு மெமோ வாங்கிக் குடுத்துட்டு, நான் அதே தப்பச் செஞ்சேன். யார்கிட்டயும் சொல்லல. நான் போன பிறகு நீங்க எதாவது எழுதுவீங்க, எனக்குத் தெரியும். அதுல நேரத்தச் சரியாப் போடுங்க.”

எழுதுகிறேன் என்று சொன்னேன். அவர் கையை விட்டார். ரெஜினா காபியோடு வந்தாள். பிறகு நாங்கள் முட்டி வலியைப் பற்றிப் பேசினோம்.

அவருடைய நேர்மையைப் பற்றி அடக்கத்தன்று பலர் பேசினார்கள். எல்லாம் உண்மை. அவருடைய சிவப்புப் பேனாவை ரெஜினா எனக்குத் தந்தாள், வைத்திருக்கிறேன். ஆனால் அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது பேனாவை அல்ல, அவர் தம் வாழ்நாளெல்லாம் குற்றமாகச் சுமந்த அந்த ஒரு காலைப்பொழுதை. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்குச் சுலபமாக இருந்தது என்று ஒரு காலத்தில் நான் நம்பியிருந்தேன்.

அவர் கேட்டபடி திருத்தி எழுதுகிறேன். நகல் வந்தது காலை எட்டு மணி. தந்தி போனது பகல் பன்னிரண்டு. இடையில் இருந்த நான்கு மணி நேரமும் சவரிநாதன் என் நண்பராக மட்டும் இருந்தார்.